தகவமைப்பு உடற்கல்விக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பது எப்படி

உடற்கல்வி வகுப்பில் சக்கர நாற்காலியில் இருக்கும் மாணவரிடம் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து, "நீ ஸ்கோர் எழுது" என்று சொல்லிவிட்டு மற்றவர்களை ஆட வைக்கும் ஆசிரியரை இரக்கமற்றவர் என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் அவர் அக்கறை உள்ளவராகவே இருப்பார். அந்த மாணவருக்கு அடிபட்டுவிடுமோ என்று அஞ்சுவார். மாணவரை என்ன செய்யச் சொல்வது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்காது. அவர் படித்த காலத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களைப் பற்றி ஒரே ஒரு பாடத்தாள் இருந்திருக்கும். அதில் குறைபாடுகளின் பெயர்களையும் வரையறைகளையும் மனப்பாடம் செய்து தேர்வு எழுதியிருப்பார். ஆனால் அந்த ஆண்டு முழுவதும் ஒரு மாற்றுத்திறனாளிக் குழந்தைக்குக்கூடப் பந்து எறியக் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார். இந்தக் குறையைப் போக்க விரும்பும் பயிற்சிக் கல்லூரிப் பேராசிரியர்களுக்காகவும், பணியில் இருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

தகவமைப்பு உடற்கல்வி வேறொரு பாடம் என்று எண்ணுவோர் பலர். ஓடுதல், தாண்டுதல், எறிதல், பிடித்தல், நீச்சல், நடனம், குழு ஆட்டங்கள், உடற்தகுதி என எல்லா மாணவர்களும் கற்கும் அதே உடற்கல்விதான் இது. மாணவரின் உடலுக்கும் புலன்களுக்கும் புரிந்துகொள்ளும் வேகத்துக்கும் ஏற்பக் கற்பிக்கும் வழியும் கருவியும் விதியும் மாறுகின்றன. அமெரிக்காவில் 1975-இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்விச் சட்டம், சிறப்புக் கல்வி எது என்று வரையறுக்கும் இடத்திலேயே உடற்கல்வியைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவு, பள்ளிக்குள் நடப்பவை உட்பட எல்லா விளையாட்டுகளிலும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் மற்றக் குழந்தைகளுக்குச் சமமாகப் பங்கேற்க வழி செய்ய வேண்டும் என்கிறது. எனவே பயிற்சிக்கு வருபவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டியது ஒன்று உண்டு. கணக்கு வகுப்பில் ஒரு மாணவர் கணக்குக் கற்றாரா என்று கேட்பது போலவே, இங்கும் அந்த மாணவர் இன்று எதைக் கற்றார் என்று கேட்கப்படும்; மகிழ்ச்சியாக இருந்தார் என்பது மட்டும் அதற்குப் பதிலாகாது.

யாரைச் சேர்ப்பது, எவ்வளவு காலம்

பொதுவான உடற்கல்வியைக் கற்பிக்கத் தெரிந்தவரே இந்தப் பயிற்சிக்கு உரியவர். எறிதல் எப்படி வளர்கிறது, நான்கு வயதுக் குழந்தை எப்படி எறியும், பத்து வயதுக் குழந்தை எப்படி எறியும் என்பது தெரியாதவருக்கு அதை எப்படி மாற்றிக் கொடுப்பது என்பதும் விளங்காது. அமெரிக்காவில் இத்துறைக்கென 15 தேசியத் தரநிலைகள் வகுக்கப்பட்டுள்ளன. மனித வளர்ச்சி, இயக்கத் திறன், உடற்பயிற்சி அறிவியல், அளவீடு, பாடத்திட்டம், கற்பித்தல், பிறரோடு கலந்தாலோசித்தல், தொழில் நெறி முதலியவை அவற்றில் அடங்கும். அந்தத் தரநிலைகளின்படி சான்றிதழ்த் தேர்வு எழுத விரும்புபவர், உடற்கல்விப் பட்டத்தோடு, மாற்றுத்திறனாளி மாணவர்களிடையே 200 மணி நேரம் பணியாற்றிய அனுபவத்தையும் காட்ட வேண்டும்.

இந்த 200 மணி நேரத்தை நான் குறைந்தபட்ச அளவாகவே கருதுகிறேன். அதைப் பயிற்சியின் கடைசி இரண்டு மாதங்களில் மொத்தமாகத் திணிப்பது வழக்கமான தவறு. முதல் வாரத்திலிருந்தே வாரம் இரண்டு முறையாவது பயிற்சி ஆசிரியர் (பயிற்சி பெறுபவர்) மைதானத்தில் குழந்தைகளோடு இருக்க வேண்டும். முன்தினம் ஒரு குழந்தையிடம் திணறிய ஒருவர் மறுநாள் விரிவுரையில் கேட்கும் கேள்வியும், குழந்தையையே பார்க்காத ஒருவர் கேட்கும் கேள்வியும் ஒன்றாக இருப்பதில்லை.

உடலைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

மருத்துவத் தகவல்களைக் குறைபாடுவாரியாக வரிசைப்படுத்திக் கற்பித்தால் அவை தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். ஒவ்வொரு நிலையைப் பற்றியும் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வைக்க வேண்டும்: இந்த மாணவர் ஆடும்போது எது உண்மையான ஆபத்து? எதை ஆபத்து என்று நாம் வீணாக நினைக்கிறோம்? இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டால், எல்லாவற்றுக்கும் பயந்து மாணவரை ஓரத்தில் உட்கார வைக்கும் இன்னொரு ஆசிரியரைத்தான் உருவாக்குவோம்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் நூற்றுக்கு 10 முதல் 20 பேருக்கு, கழுத்தின் மேற்பகுதியில் உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்திருக்கிறது. மருத்துவர் சோதித்து அனுமதி தரும்வரை குட்டிக்கரணம், தலைகீழாக நீரில் பாய்தல், பந்தைத் தலையால் முட்டுதல் போன்ற, கழுத்தை அழுத்தும் செயல்களை அவர்களுக்குத் தரக் கூடாது. ஆனால் ஓடுவதற்கும் எறிவதற்கும் நடனமாடுவதற்கும் இந்தத் தளர்ச்சி தடையாகாது. நடையில் திடீர்த் தடுமாற்றம், கழுத்து வலி, கை கால்களில் பலவீனம், சிறுநீர்க் கட்டுப்பாட்டில் மாற்றம் ஆகியவை தோன்றினால் ஆட்டத்தை உடனே நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதைப் பயிற்சி ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும்.

தண்டுவடக் காயம் உள்ள மாணவருக்கு, காயம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பது முக்கியம். நெஞ்சுப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் இருந்தால், நிரம்பிய சிறுநீர்ப்பையோ இறுக்கமான பட்டையோகூட இரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்திவிடும். மண்டையைப் பிளக்கும் தலைவலியும், முகம் சிவப்பதும், காயத்துக்கு மேற்பட்ட பகுதியில் வியர்ப்பதும் அதன் அடையாளங்கள். மாணவரை நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமானவற்றைத் தளர்த்தி, காரணத்தைத் தேடிக்கொண்டே மருத்துவ உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டும். இத்தகைய மாணவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்வை சரியாகச் சுரக்காததால் உடல் விரைவில் சூடேறிவிடும். நிழலும் தண்ணீரும் ஈரத்துணியும் பாடத்திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பிறவியிலேயே முதுகெலும்பு முழுமையாக மூடாத குழந்தைகளில் பலருக்கு லேட்டக்ஸ் ரப்பர் கடுமையான ஒவ்வாமையைத் தரும். இது ஏதோ ஓரத்துத் தகவல் போலத் தோன்றும். ஆனால் மெதுவாக மிதக்கும் பலூனை வைத்துக் கைப்பந்து கற்பிப்பது இத்துறையில் மிகவும் வழக்கமான உத்தி, பெரும்பாலான பலூன்கள் லேட்டக்ஸால் ஆனவை. காற்றடைத்த பிளாஸ்டிக் பந்தை எடுத்தால் பிரச்சினை தீர்ந்தது. அக்குழந்தைகளில் பலருக்குத் தலையில் தேங்கும் நீரை வடிக்கும் குழாய் பொருத்தப்பட்டிருக்கும் என்பதால், தலையில் அடிபடாமல் காப்பதும், காரணமற்ற தலைவலி, வாந்தி, மந்தநிலை ஆகியவற்றைக் கவனிப்பதும் அவசியம்.

வலிப்பு வந்தால் வாயில் எதையும் வைக்காமல், பிடித்து அழுத்தாமல், அடிபடக்கூடிய பொருட்களை விலக்கி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடங்களைத் தாண்டினால் அவசர மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். டுஷேன் வகைத் தசைச் சிதைவு நோய் உள்ள மாணவருக்குச் சரிவில் இறங்கி ஓடுவதும், உயரத்திலிருந்து குதிப்பதும், கனமான எடைகளைத் தூக்குவதும் தசையைச் சேதப்படுத்தும். நீருக்குள் இயங்குவது அவருக்கு ஏற்றது. காது கேட்பதற்காக உட்காதில் காக்ளியர் கருவி பொருத்தியவர் நீச்சலின்போது வெளிப்பகுதியைக் கழற்றுவதானால் அந்த நேரம் முழுவதும் அவருக்குக் காது கேட்காது. அவரைக் கூப்பிடும் சைகையை நீரில் இறங்குவதற்கு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம் விரிவுரையாகச் சொல்வதைவிட, ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் அவசரநிலை ஒத்திகை நடத்தி, யார் மாணவரோடு இருப்பது, யார் ஓடுவது, மற்ற முப்பது மாணவர்களை யார் கவனிப்பது என்று மைதானத்திலேயே செய்துபார்க்க வைப்பது நல்லது.

பார்க்கக் கற்பது

நல்ல பயிற்சி பெற்றவரையும் மற்றவரையும் வேறுபடுத்தும் திறன் எது என்று என்னைக் கேட்டால், பார்ப்பது என்றே சொல்வேன். "அவனால் பந்து பிடிக்க முடியாது" என்று ஒரு பயிற்சி ஆசிரியர் எழுதினால் அந்தத் தாளை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பந்து வருவதைக் கண்கள் பின்தொடர்ந்தனவா? கைகள் பந்து வருவதற்கு முன்பே நீண்டனவா, வந்து மோதிய பிறகா? பந்தை நெஞ்சோடு அணைத்தானா, விரல்களால் பற்றினானா? பந்து நெருங்கும்போது முகத்தைத் திருப்பினானா? எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த அளவுப் பந்து? இப்படி ஒரு திறனைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துப் பார்த்தால், முடியாது என்ற ஒற்றைச் சொல்லுக்குள் முடிந்தவை எத்தனை இருந்தன என்பது தெரியவரும். அடுத்துக் கற்பிக்க வேண்டிய படி எது என்பதும் கூடவே தெரியவரும்.

அளவீட்டுக் கருவிகளையும் பயிற்சி ஆசிரியர்கள் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். 3 முதல் 10 வயது வரையிலான குழந்தைகளின் அடிப்படை இயக்கத் திறன்களை மதிப்பிடும் ஒரு சோதனை, அதன் மூன்றாம் பதிப்பில், இடம்பெயரும் திறன்கள் 6, பந்துத் திறன்கள் 7 என மொத்தம் 13 திறன்களைப் பார்க்கிறது. குழந்தை எவ்வளவு தூரம் எறிந்தது என்பதைவிட எப்படி எறிந்தது என்பதற்கே அதில் மதிப்பெண். 10 முதல் 17 வயது வரையிலான மாற்றுத்திறனாளி மாணவர்களின் உடற்தகுதிக்கென உருவாக்கப்பட்ட பிராக்போர்ட் சோதனையில் 27 உருப்படிகள் இருந்தாலும், ஒரு மாணவருக்கு அவற்றில் சிலவற்றை மட்டுமே தேர்ந்தெடுக்கிறோம். தேர்வு செய்யும் அந்த இடத்தில்தான் ஆசிரியரின் தீர்மானம் தேவைப்படுகிறது: சக்கர நாற்காலியைத் தானே உருட்டிச் செல்லும் மாணவருக்குத் தோள்களின் வலிமையும் அசைவு எல்லையும் அன்றாட வாழ்க்கையையே தீர்மானிப்பவை, அவருக்குக் கால் சோதனைகளைச் செய்யவில்லை என்று குறிப்பு எழுதுவதில் பயன் எதுவும் இல்லை.

மதிப்பீட்டிலிருந்து இலக்கு பிறக்க வேண்டும். "பந்து விளையாட்டில் பங்கேற்பார்" என்பது இலக்கு ஆகாது. "இரண்டு மீட்டர் தொலைவிலிருந்து மெதுவாக உருட்டப்படும் பந்தை, பத்து முயற்சிகளில் ஏழு முறை, வாய்மொழித் தூண்டல் இல்லாமல் இரு கைகளாலும் நிறுத்துவார்" என்று எழுதினால், மூன்று வாரம் கழித்து அது நடந்ததா இல்லையா என்று வேறொருவராலும் சொல்ல முடியும். பயிற்சிக் காலத்தில் இப்படி நாற்பது ஐம்பது இலக்குகளை எழுதவும், சக பயிற்சி ஆசிரியர் எழுதியதைப் படித்துக் குறை கண்டுபிடிக்கவும் வைத்தால் இந்தப் பழக்கம் படிந்துவிடும்.

ஆட்டத்தை மாற்றுவது

இடம், செயல், கருவி, ஆட்கள் என்ற நான்கையும் மாற்றிப் பார்ப்பது உலகெங்கும் பயன்படும் எளிய சட்டகம். மைதானத்தைச் சிறிதாக்கலாம், ஓடி அடிப்பதற்குப் பதிலாக நின்று அடிக்கலாம், பந்தைப் பெரிதாகவோ மெதுவாகச் செல்வதாகவோ ஒலி எழுப்புவதாகவோ மாற்றலாம், ஓர் அணிக்கு ஆட்களைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். மாற்றுத்திறனாளி விளையாட்டுகளின் விதிகளையே நல்ல பாடமாக எடுத்துக் காட்டலாம். சக்கர நாற்காலி டென்னிஸில் பந்து இரண்டு முறை தரையில் குதிக்க அனுமதி உண்டு. அந்த ஒரே ஒரு மாற்றம், ஆட்டத்தின் நுட்பம் எதையும் குறைக்காமல், நாற்காலியைத் திருப்பி வர வேண்டிய நேரத்தைத் தந்துவிடுகிறது. 1984 முதல் பாராலிம்பிக்கில் ஆடப்படும், இலக்குப் பந்துக்கு அருகே தம் பந்துகளைச் சேர்க்கும் ஆட்டமான போச்சியாவில், பந்தை எறிய முடியாதவர் சாய்வுத்தடத்தின் வழியாக உருட்டுகிறார். எங்கே, எவ்வளவு உயரத்திலிருந்து விடுவது என்று தீர்மானிப்பவர் அவர்தான், உதவியாளர் ஆடுகளத்தைத் திரும்பிப் பார்க்கக்கூடக் கூடாது.

பந்தின் ஒலியைக் கேட்டு ஆடும், பார்வையற்றோருக்கான கோல்பால் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களின் மறுவாழ்வுக்காக 1946-இல் உருவான இந்த ஆட்டத்தில், 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உள்ள களத்தில் அணிக்கு மூவர் ஆடுகிறார்கள். பந்துக்குள் மணிகள் இருக்கும். கோடுகளை ஒட்டுநாடாவின் கீழ்க் கயிறு வைத்து அமைப்பதால், கையாலும் காலாலும் தடவி இடத்தை அறியலாம். எல்லோரும் கண்களை மூடும் கவசம் அணிவதால் பார்வை உள்ள மாணவர்களும் சேர்ந்து ஆட முடியும். வகுப்பில் ஒரே ஒரு பார்வையற்ற மாணவர் இருந்தாலும் முழு வகுப்புக்கும் இதைக் கற்பிக்கலாம். அன்றைய பாடத்தில் மற்றவர்களுக்கு வழி சொல்லித் தருபவர் அவராகவே இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மாற்றும்போது இரண்டு எல்லைகளை நினைவில் வைக்கச் சொல்ல வேண்டும். ஒன்று, தேவைக்கு மேல் மாற்றக் கூடாது. சற்றுப் பெரிய பந்து போதும் என்ற இடத்தில் வலையையும் இறக்கி, தூரத்தையும் குறைத்து, எதிரணியையும் நிறுத்தி வைத்தால் மாணவர் கற்பதற்கு எதுவும் மிஞ்சாது. மற்றொன்று வயது. பதினாறு வயது மாணவருக்கு அறிவுவளர்ச்சிக் குறைபாடு இருக்கிறது என்பதற்காகக் குழந்தைப் பாட்டும் வட்டத்தில் கைதட்டலும் தரப்படுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. அந்த வயதில் மற்றவர்கள் பளு தூக்குகிறார்கள், நீந்துகிறார்கள், கூடைப்பந்து ஆடுகிறார்கள். அவருக்கும் அவைதான் வேண்டும், பள்ளியை விட்ட பிறகும் அவர் தொடரக்கூடியவை அவையே.

சொல்லித் தரும் முறையிலும் மாற்றம் உண்டு. காது கேளாத மாணவர் உதடுகளைப் பார்ப்பதற்கு வசதியாக, ஆசிரியர் சூரியனைப் பார்த்தபடி நிற்க வேண்டும். சூரியன் ஆசிரியரின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகிவிடும். விசிலுக்குப் பதில் கொடி போதும். ஆட்டிசம் உள்ள மாணவருக்கு அன்றைய செயல்களைப் படங்களாக வரிசைப்படுத்திக் காட்டி, ஒவ்வொன்றும் எத்தனை முறை, எப்போது முடியும் என்பதையும் முன்பே காட்டினால் அடுத்த செயலுக்கு மாறுவது எளிதாகும். உள்ளரங்கில் எதிரொலிக்கும் விசில் சத்தம் அவர்களில் பலருக்கு வலியாகவே இருக்கும். பார்வையற்ற மாணவருக்கு ஓர் அசைவைக் கற்பிக்க, ஆசிரியர் அதைச் செய்துகாட்டும்போது அவர் உடலை மாணவர் தொட்டு அறியலாம். மாணவரின் உடலைத் தொடுவதானால், எங்கே, எதற்காகத் தொடப்போகிறோம் என்று சொல்லி, சம்மதம் கேட்டுவிட்டே தொட வேண்டும். இந்த ஒழுங்கைப் பயிற்சியின் முதல் நாளிலிருந்தே கட்டாயமாக்குங்கள்.

மைதானத்தில் கழியும் மணி நேரங்கள்

களப்பயிற்சியை மூன்று கட்டமாக அமைப்பது என் வழக்கம். முதலில் ஒரே ஒரு குழந்தையோடு பல வாரங்கள். பிறகு நான்கைந்து பேர் கொண்ட குழு. கடைசியில் இரண்டு மூன்று மாற்றுத்திறனாளி மாணவர்கள் சேர்ந்து படிக்கும் பொது வகுப்பு முழுவதும். பெரும்பாலான பயிற்சித் திட்டங்கள் முதல் கட்டத்தோடு நின்றுவிடுகின்றன. ஆனால் பணியில் சேர்ந்த ஆசிரியர் சந்திக்கப்போவது மூன்றாவதைத்தான், மிகக் கடினமானதும் அதுதான்.

முதல் கட்டத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால், உடன் நின்று வழிகாட்டுவது எதற்காக என்பது விளங்கும். பயிற்சி ஆசிரியர் ஒருவர், மூளை முடக்குவாதம் உள்ள பத்து வயதுச் சிறுவனுக்குச் சாய்வுத்தடத்தில் பந்தை விடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். பந்து சிறுவனின் கைக்குள் இருந்தது. கை தடத்தின் மேல் நீண்டது. விரல்கள் மட்டும் பிரியவில்லை. "விடு, விடு!" என்று அவர் உற்சாகத்தோடு குரலை உயர்த்தினார். ஒவ்வொரு முறை அவர் குரல் எழும்போதும் சிறுவனின் விரல்கள் மேலும் இறுகின. நான்காவது விநாடியில் அவரே பந்தை அவன் கையிலிருந்து எடுத்துத் தடத்தில் உருட்டிவிட்டு, "சூப்பர்!" என்று கைதட்டினார். சிறுவன் பந்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலை அந்தக் காணொளியை ஒலி இல்லாமல் இருவரும் பார்த்தோம். இரண்டாம் முறை பார்க்கும்போதே அவர் தாமாகக் கண்டுபிடித்துவிட்டார். தசை இறுக்கம் உள்ள குழந்தைக்குத் திடீர் ஒலியும் அவசரமும் இறுக்கத்தைக் கூட்டும் என்று அவர் புத்தகத்தில் படித்திருந்தார், தேர்விலும் எழுதியிருந்தார். மறுநாள் குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு முறை சொன்னார். சிறுவனின் மணிக்கட்டு கீழ்நோக்கி மடங்கும்படி முன்கையைத் தடத்தின் மேல் தாங்கிப் பிடித்தார். மணிக்கட்டு மடங்கினால் விரல்களை மடக்கும் தசைநாண்கள் தளர்ந்து, விரல்கள் பிரிவது எளிதாகும். பிறகு வாயைத் திறக்காமல் மனத்துக்குள் எண்ணத் தொடங்கினார். ஒன்பது என்று எண்ணும்போது பந்து தானாக விழுந்து உருண்டது. அவர் கைதட்டுவதற்கு முன்பே அடுத்த பந்துக்குச் சிறுவன் கையை நீட்டிவிட்டான்.

காத்திருப்பதைப் பயிற்சியாகவே தர வேண்டும் என்பதற்காகத்தான் இதை விரிவாகச் சொன்னேன். முதலில் சொல், பிறகு சைகை, பிறகு செய்துகாட்டல், எதுவும் பயன்படாதபோது மட்டும் கையைப் பிடித்து உதவுதல் என்ற வரிசையையும், ஒவ்வொன்றுக்கும் இடையே போதிய நேரம் விடுவதையும், கொடுத்த உதவியை வாரம்தோறும் எப்படிக் குறைத்தோம் என்று எழுதி வைப்பதையும் வழக்கமாக்க வேண்டும். கவனிப்பவர் கையில் ஒரு தாளும் கடிகாரமும் இருந்தால் போதும்: 40 நிமிட வகுப்பில் அந்த மாணவர் உண்மையில் எத்தனை நிமிடம் இயங்கினார், அன்றைய திறனை எத்தனை முறை முயன்றார், அவற்றில் எத்தனை அவரே செய்தது என்று குறித்துக் காட்டுங்கள். வகுப்பு நன்றாகப் போனது என்று நம்பிக்கொண்டிருந்த பயிற்சி ஆசிரியர், தம் மாணவர் 40 நிமிடத்தில் மூன்றே முறை பந்தைத் தொட்டார் என்று பார்க்கும்போது அடுத்த வகுப்பைத் தாமாகவே மாற்றி அமைப்பார்.

மாற்றுத்திறனாளிகளின் நிலையை உணர்த்துவதற்காகப் பயிற்சி ஆசிரியர்களின் கண்ணைக் கட்டி நடக்க வைப்பதும், ஒரு மணி நேரம் சக்கர நாற்காலியில் உட்கார வைப்பதும் பரவலாக நடக்கின்றன. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. முதல் ஒரு மணி நேரத்தின் தடுமாற்றமும் பயமும் மட்டுமே அவர்களுக்குக் கிடைக்கின்றன; பல ஆண்டுகளாகப் பழகியவரின் திறமை கிடைப்பதில்லை, இரக்கம்தான் கூடுகிறது. அந்த நேரத்தில் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடும் ஒருவரை அழைத்து, நாற்காலியை எப்படித் திருப்புவது, எப்படி மறிப்பது என்று அவரிடமே பாடம் கேட்க வையுங்கள். அவருக்குப் பிற விரிவுரையாளர்களுக்குத் தரும் மதிப்பூதியத்தையே தாருங்கள்.

பிறரோடு சேர்ந்து பணியாற்றுவது

இயன்முறை மருத்துவரிடம் மாணவரின் அசைவு எல்லையைக் கேட்டறிய வேண்டும். சிறப்பாசிரியரிடம் அவருக்குப் புரியும் மொழியையும் சைகைகளையும் கேட்டறிய வேண்டும். ஆனால் இயன்முறைச் சிகிச்சை நடக்கிறது என்பதற்காக உடற்கல்வியை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் அதை மறுத்துப் பேசவும் பயிற்சி ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிகிச்சை வேறு, பாடம் வேறு. மருத்துவரிடமிருந்து "விளையாட்டு கூடாது" என்ற ஒற்றை வரிச் சான்றிதழ் வந்தால், எந்தெந்தச் செயல்கள் கூடாது, எவை செய்யலாம் என்று பிரித்துக் கேட்கும் ஒரு படிவத்தை மரியாதையோடு திருப்பி அனுப்பப் பழக்குங்கள். பெரும்பாலும் செய்யக்கூடியவற்றின் பட்டியல் நீளமாகவே திரும்பி வரும்.

மாணவரோடு வரும் உதவியாளரைப் பற்றிப் பயிற்சித் திட்டங்களில் யாரும் பேசுவதில்லை. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லப்படாத உதவியாளர் ஒன்று சுவரோரம் நிற்பார், அல்லது எல்லாவற்றையும் மாணவருக்குப் பதில் தாமே செய்வார். சக மாணவர்கள் பந்தை அவரிடம் எறிவார்கள், மாணவரிடம் எறிய மாட்டார்கள். எங்கே நிற்க வேண்டும், எப்போது உதவ வேண்டும், எப்போது விலக வேண்டும் என்று மூன்று வரிகளில் எழுதி வகுப்பு தொடங்கும் முன் அவர் கையில் கொடுப்பதைப் பயிற்சி ஆசிரியரின் கடமைகளில் ஒன்றாக வைக்க வேண்டும். பெற்றோரைச் சந்திக்கும்போது குறைகளில் தொடங்காமல், குழந்தை வீட்டில் எதை ஆடுகிறது, எதை ஆட விரும்புகிறது என்று கேட்டுத் தொடங்கினால், எந்தச் சோதனையிலும் கிடைக்காத தகவல்கள் கிடைக்கும்.

தகுதி பெற்றுவிட்டார் என்று எப்போது சொல்வது

எழுத்துத் தேர்வு அறிவைச் சோதிக்கும், அது தேவையும்கூட. ஆனால் தகுதியை முடிவு செய்வது, முன்பின் அறியாத ஒரு மாணவரோடு நடத்தும் இரண்டு வகுப்புகளாக இருக்க வேண்டும். முதல் வகுப்பில் கவனித்து, மதிப்பிட்டு, இலக்கு எழுதி, இரண்டாம் வகுப்பில் அந்த இலக்கைப் பொது வகுப்புக்கு நடுவிலேயே கற்பிக்க வேண்டும். போட்ட திட்டம் பாதியில் பயன்படாமல் போகும்போது அவர் என்ன செய்கிறார் என்பதைப் பாருங்கள். பதறாமல் பந்தையோ தூரத்தையோ விதியையோ மாற்றி மாணவரை ஆட்டத்துக்குள் வைத்திருந்தால், திட்டம் தவறியதற்காக மதிப்பெண் குறைக்க வேண்டியதில்லை.

சான்றிதழ் கொடுத்ததோடு பயிற்சி முடிந்துவிடுவதில்லை. பணியில் சேரும் முதல் ஆண்டில் அந்த ஆசிரியர் பெரும்பாலும் தம் பள்ளியில் இந்தப் பணியைச் செய்யும் ஒரே ஆளாக இருப்பார். கேட்பதற்கு அருகில் யாரும் இருக்க மாட்டார்கள். எனவே அந்த ஆண்டு முழுவதும் மாதம் ஒரு முறை புதிய ஆசிரியர்கள் ஐந்தாறு பேரைக் கூட்டுங்கள். ஒவ்வொருவரும் ஒரு மாணவரின் பதிவேட்டையும், அந்த மாதம் பலிக்காமல் போன ஒரே ஒரு செயலையும் கொண்டு வரட்டும். அதை அவர் மைதானத்தில் அப்படியே செய்துகாட்ட, மற்றவர்கள் ஆளுக்கொரு மாற்றத்தைச் சொல்லி உடனே முயன்று பார்க்கட்டும். பலிக்கும் என்று தோன்றியதை அவர் மறுநாள் வகுப்பிலேயே செய்து, நடந்ததை அடுத்த கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு வர வேண்டும்.